முந்தும் சன்னம், பிந்தும் வெடி

பெரியகல்லாற்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சினிமாவில் ஸ்னைப்பர் துவக்கின் சத்தம் கேட்டவுடனே ஆட்கள் குனிந்து தப்பிவிடுகிறார்களே, அது நடக்கக்கூடியதா?

நடக்காது. இரண்டு உலகப்போர்களிலும் பிரித்தானியப் படை பயன்படுத்திய .303 சன்னம், செக்கனுக்கு ஏறத்தாழ 744 மீற்றர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். நம் வெக்கையில் ஒலியின் வேகம் 349தான். 300 மீற்றரில் நிற்பவரிடம் சன்னம் அரைச் செக்கனில் போய்விடும். துவக்கின் சத்தம் வர இன்னும் 0.4 செக்கன் பிடிக்கும். சத்தம் உங்கள் காதில் விழுந்ததென்றால் குறி ஏற்கெனவே தப்பிவிட்டது.

ஆனால் தப்பியவருக்குக் கேட்பது ஒரு சத்தமல்ல, இரண்டு. முதலில் ‘சடார்’, பிறகு ‘டும்’. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் காதாலேயே படித்துவிட்டார்கள். ‘டும்’ துவக்கின் வாயிலிருந்து வருவது. ‘சடார்’ துவக்கிலிருந்து வருவதே இல்லை.

ஓந்தாச்சிமடம் பக்கமிருந்து எஞ்சின் போட் ஒன்று வாவியில் விரைந்து வருகிறது என்று வையுங்கள். கரையோரம் கட்டிக்கிடக்கும் உங்கள் தோணியை அது கடந்து போனபிறகுதான் அலை வந்து ஆட்டும். சன்னமும் காற்றை இப்படித்தான் உழுதுகொண்டு போகிறது. அந்த அலைதான் ‘சடார்’. அலை வந்த திசையைப் பார்த்தால் போட் புறப்பட்ட துறை தெரியாது, வழியில் அது கடந்த வெறுந்தண்ணீர்தான் தெரியும். ‘சடார்’ கேட்ட பக்கமுள்ள பற்றையில்தான் சுட்டவன் இருக்கிறான் என்று சத்தியம் செய்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுப்போம். ஆழ்கடலில் கப்பலின் பின்னால் விரியும் அலை, வழக்கமான வேகங்களில் பக்கத்துக்கு ஏறத்தாழ 19½ பாகையிலேயே நிற்கும். சன்னத்தின் அலைக்கோணமோ வேகத்தோடு மாறும். ஆகவே கடலை உவமை சொன்னால் பிழை. வாவியைச் சொன்னால் பிழையில்லை! ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அலை மணிக்கு 11 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான் ஓடும். போட் 24இல் ஓடினால் அது அலையை முந்துகிறது. கோணம் சுமார் 28 பாகை. குழலை விட்டு வரும் .303 சன்னத்தின் கோணமும் அதுவே. சோதித்துப் பார்க்கிறேன் என்று வலைக்காரரிடம் ஏச்சு வாங்க வேண்டாம்.

இரண்டு சத்தங்களுக்கும் இடையிலுள்ள நேரத்தை மனதுக்குள் எண்ணி, சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிக்கப் படையினருக்குப் பயிற்சி உண்டு. பீரங்கிக்கு அது போதவில்லை. 1915இல் மேற்குப் போர்முனையில் இருந்த லோரன்ஸ் பிராக் (அந்த வருடமே நோபல் பரிசு பெற்றவர், வயது 25) ஒலியைக்கொண்டு ஜேர்மன் பீரங்கிகளைக் கண்டுபிடிக்க முயன்றபோது, ‘சடார்’ பதிவுகளில் புகுந்து ‘டும்’மை மறைத்தது. வழி காட்டியது கழிவறை. பக்கத்தில் பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் இருக்கையிலிருந்து உடம்பு மெல்ல உயர்வதை அவர் உணர்ந்தார்: காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த அதிர்வில் அத்தனை அழுத்தம்! டக்கர் என்பவர் சூடேற்றிய மெல்லிய கம்பியை ஒரு துளையில் வைத்தார். தாழ்ந்த அதிர்வு காற்றை அசைத்துக் கம்பியைக் குளிர்வித்தது. ‘சடார்’ சத்தத்தைக் கம்பி சட்டைசெய்யவில்லை.

வரலாறும் கொஞ்சம் சொல்லத்தானே வேண்டும். 1914இல் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறிய ‘சிலோன் பிளாண்டர்ஸ் றைபிள் கோர்’ வீரர்கள், பிறகு கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். பெரும்பாலானோர் தோட்டத்துரைமார், அவர்களுடைய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பது வாசகருக்குத் தெரியும். அதே கலிப்போலியில் பில்லி சிங் என்ற அவுஸ்திரேலிய ஸ்னைப்பர் 150 பேருக்கு மேல் சுட்டதாகக் கணக்கு. பின்லாந்தின் சிமோ ஹைஹா தொலைநோக்கி பூட்டாமலே 500ஐத் தாண்டினாராம். இத்தகைய எண்களைப் போர்க்காலப் பத்திரிகைகள் எவ்வளவு ஊதின என்பதை மறந்துவிடாமல் படியுங்கள். ஸ்டாலின்கிராட்டில் சோவியத் ஸ்னைப்பர் சைத்செவ் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் ஜேர்மன் ஸ்னைப்பர் ‘மேஜர் கோனிக்’ இருந்தார் என்பதற்கே நம்பத்தக்க ஆவணம் கிடையாது.

சினிமாவின் இன்னொரு புளுகு சைலன்ஸர். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், தூரத்தில் ஆள் விழுகிறார். உண்மையில் சைலன்ஸர் அடக்குவது ‘டும்’மை, ஒலியை முந்தும் சன்னத்தின் ‘சடார்’ அப்படியே இருக்கும். ஆனாலும் சுட்டவனுக்கு அதில் லாபம் உண்டு. திசையைச் சரியாகச் சொல்லும் சத்தம் அடங்கிப்போக, எதிரியின் காதில் மிஞ்சுவது பிழையான திசையைக் காட்டும் சத்தம் மட்டுமே.