மதிலுக்கு அப்பால் என்ன?

போர்க்கைதிகள் தப்பிக்கும் பழைய படம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்'. அதில் ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் துரத்தப்படும் காட்சி முழுக்கக் கற்பனை. சுரங்கம் மட்டும் நிஜம். அதை வெட்டிய கைவேலையை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

1944, ஜெர்மானியரின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாம். மேல்மண் சாம்பல் நிறம். தோண்டினால் வருவதோ மஞ்சள் மணல். ஒரு பிடி சிந்தினாலும் காவலர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் கால்சட்டைக்குள் நீளமான துணிப்பைகளைத் தொங்கவிட்டு, நடக்கிற நடையில் முடிச்சை இழுத்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, காலால் மண்ணோடு கலந்தார்கள். சரியும் மணலுக்குக் கட்டில் பலகைகளை முட்டுக் கொடுத்தார்கள். பால்மாவு டப்பாக்களை ஒன்றோடொன்று கோத்துக் குழாயாக்கி, பையில் செய்த துருத்தியால் உள்ளே காற்று அனுப்பினார்கள். 9 மீட்டர் ஆழம், 100 மீட்டர் நீளம். வெளியேறியவர்கள் 76 பேர். மீண்டும் பிடிபட்டவர்கள் 73 பேர். அவர்களில் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

உண்மையான சிக்கல் மதிலுக்கு வெளியேதான். 1972 ஆகஸ்டில் பாகிஸ்தானின் ராவல்பிண்டி போர்க்கைதி முகாமின் சுவரைத் துளைத்து, இந்திய விமானப்படையின் பருல்கர், கிரேவால், ஹரீஷ் சிங்ஜி மூவரும் தப்பினார்கள். ஆப்கன் எல்லையை நெருங்கியும் விட்டார்கள். லண்டிகோத்தலில் லண்டிகானா ரயில் நிலையத்துக்கு வழி கேட்டது வினையாயிற்று. அந்த ரயில் நிலையம் 1932-லேயே மூடப்பட்டது; வரைபடத்தில் மட்டும் இருந்தது. சந்தேகம் எழுந்தது, பிடிபட்டார்கள்.

நம் நெய்யூருக்குப் பக்கத்திலேயே தப்பிப் போகாத ஒரு போர்க்கைதி இருந்தார். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் சிக்கிய டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய். மன்னர் அவரைத் தம் படையிலேயே சேர்த்துக்கொண்டார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். பீரங்கி வார்க்கும் பட்டறை அங்கே அவர் மேற்பார்வையில் நடந்தது. 1777-இல் அங்கேயே இறந்தார். தப்பித்தவர்களுக்குக் கிடைத்த அளவு புகழ் இவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்; படமெடுக்க இதைவிடப் பெரிய கதை நம் மாவட்டத்தில் இல்லை.

கோட்டைக்குள் உள்ள அவருடைய கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. தக்கலை வழியாகப் போகும்போது இறங்கிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.