கில்ட் உடையும் அதன் எடையும்

ஸ்காத்லாந்து மலைநாட்டார் இடையில் அணியும் கில்ட் என்னும் உடையை நம்மில் பலர் படங்களிலேனும் கண்டிருப்போம். படைவீரரல்லாத ஆடவர் அந்நாட்டில் இதனை அணியலாகாதென்று 1746-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று; மீறினோர்க்கு 6 மாதச் சிறைவாசம். அச்சட்டம் 1782-ல் நீங்கிற்று. சட்டத்தையும் கடந்து நிலைத்த இவ்வுடை, மெல்லிய துணியில் தைக்கப்படுங்கால் ஒரு சிறு காற்றிற்கும் ஆற்றாது போகின்றது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கில்ட்டின் முன்புறத்தில் கொசுவமற்ற இரு தலைப்புகள் ஒன்றன்மேலொன்று படியும். பின்புறம் முழுவதும் கொசுவமே. இதற்கு இரட்டையகலத் துணி சுமார் 4 கெஜம் செல்லும். அதனை நீளவாக்கில் இரண்டாக்கி இணைப்பின் 8 கெஜமாம். கெஜம் 16 அவுன்ஸ் நிறையுள்ள கம்பளியாயின் மொத்தம் 4 ராத்தல்; 10 அவுன்ஸ் துணியாயின் 2½ ராத்தலே. காற்று தாக்கும் பரப்போ இரண்டிற்கும் ஒன்றே. ஆதலின், 1½ ராத்தல் குறைந்தவிடத்துக் கொசுவம் பறப்பதும் அணிந்தவர் நாணுவதும் வியப்பன்று.

முன்புறத்திற்கு இயல்பாகவே துணையுண்டு. இடையினின்று தொங்கும் ஸ்போரன் என்னும் பை தலைப்பை அமர்த்தும்; கீழ்மூலையிற் குத்தும் ஊசியும் சிறிது எடை தரும். அவ்வூசியை மேல்தலைப்பில் மாத்திரமே குத்தல்வேண்டும். இரண்டையுஞ் சேர்த்துக் குத்தின், அமரும்போது துணி இழுபட்டுக் கிழியும்.

பின்புறத்திற்கே முயற்சி வேண்டும். திரைச்சீலைகளின் கீழோரத்தில் வைத்துத் தைக்கும் எடைநாடாவோ, மெல்லிய சங்கிலியோ இதற்கு உதவும். ஆயின் கில்ட்டின் கீழோரம் மடித்துத் தைக்கப்படுவதில்லை. நெசவுக்கரையே ஓரமாக நிற்கும். ஆகவே, ஒவ்வொரு கொசுவத்தின் உள்மடிப்பிலும் சிறு துண்டை வெளியே தெரியாவண்ணம் தைத்தல் நலம். ஒரே சங்கிலியைக் கொசுவங்களுக்குக் குறுக்கே இழுத்துத் தைப்பின் அவை விரியமாட்டா. நடைக்கேற்ற அசைவு கெடும். ஓரிடத்திற் பேரெடை வைப்பின் துணி தொய்ந்து காலில் மோதும். துவைக்குமுன்னும் இஸ்திரியிடுமுன்னும் எளிதிற் பிரித்தெடுக்கத்தக்க தையலே போதும்.

எனினும், நல்ல கம்பளியின் எடை இழைதோறும் பரவியிருப்பது. நாம் சேர்க்கும் எடையோ ஓரத்தில் மாத்திரம் நிற்பது. வெப்பமான இடங்களுக்கு மெல்லிய துணி ஏற்றதே. மற்றையோர் துணி தெரிந்தெடுக்கும்போதே நிறையை நோக்குவாராக; அங்கே விட்ட எடையைப் பின்னர் ஊசியும் நூலுங் கொண்டு தேடுதல் அரிது.