குறி தப்பவில்லை, ஆள்தான் குறைகிறது

கடந்த மாதம், நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் சுடுதளத்துக்குப் போயிருந்தேன். பொறுப்பாசிரியர்தான் அழைத்திருந்தார். “பிள்ளைகளோட கொஞ்ச நேரம் பேசிட்டுப் போம்மா” என்றார். பிள்ளைகள் என்று அவர் சொன்னது இரண்டு மாணவிகளை. நான் சேர்ந்த 2018ல் எட்டுத் தடங்கள் போதாமல் முறை வைத்து நின்றோம். இப்போது பாதித் தடங்களில் விளக்கே போடவில்லை.

துப்பாக்கி சுடுதல் என்றதும் திரைப்படச் சண்டைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் இது அசையாமல் நிற்கும் விளையாட்டு. காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 10 மீட்டர் தொலைவில் இருக்கும் அட்டையின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். சுடும் ஈயக்குண்டோ 4.5 மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளிகள். 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுட வேண்டும். மூச்சை மெல்ல விட்டு நிறுத்தினால்கூட இதயத் துடிப்பு குறியை ஆட்டும். அது அடங்கும் நொடிக்காகக் காத்திருந்து விசையை இழுக்க வேண்டும்.

2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருபவள் நான். என் உடம்பாலும் ஒன்றைச் சரியாகச் செய்ய முடியும் என்று எனக்குக் காட்டியது இந்த விளையாட்டுதான்.

அந்த ஆண்டு ஏப்ரலில், கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மார்டினா வெலோசோ இரண்டு தங்கம் வென்றார். 14 வயதிலேயே மியூனிக் உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். எங்களுக்கு 13 வயது. இன்னும் ஒரே ஓர் ஆண்டுதான் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டோம்.

அதன்பிறகு ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 2022 பர்மிங்ஹம் காமன்வெல்த் விளையாட்டுகளில் துப்பாக்கி சுடுதல் இடம்பெறவில்லை. 2023ல் கம்போடியாவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும் இல்லை. கிளாஸ்கோவுக்கு 2026ல் ஒதுக்கப்பட்ட பத்து விளையாட்டுகளின் பட்டியலிலும் இல்லை. 2014ல் ஜாஸ்மின் செர் நமக்குத் தங்கம் வென்று தந்ததும் அதே கிளாஸ்கோ விளையாட்டுகளில்தான்! ஒலிம்பிக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பள்ளிப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் நடுவில் கால் வைக்க இடம் வேண்டாமா?

பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள், அதனால்தான் வருவதில்லை என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். கைப்பேசி வைத்திருப்பவர்கள்தானே பூப்பந்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்?

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த தொடக்கக் கல்லூரியில் இந்த இணைப்பாட நடவடிக்கை இல்லை. கால்பந்து ஆடுபவருக்குப் புளோக் அருகே ஒரு திடல் போதும். உரிமமின்றிக் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பது இங்கே குற்றம் என்பதால், பள்ளியை விட்டு வந்த அன்றே கையிலிருந்த விளையாட்டும் போய்விட்டது. சட்டம் தவறு என்று சொல்லமாட்டேன். அது நம் பாதுகாப்புக்கு. சொந்தமாக ஒன்று வாங்கவும் சில ஆயிரம் வெள்ளி ஆகும். வெளியே சங்கத்தில் சேர்ந்திருக்கலாம். தேர்வைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். அப்படியே மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

அன்று வந்திருந்த இருவரில் ஒருத்தி தமிழ் மாணவி, உயர்நிலை இரண்டு. “அக்கா, நீங்க ஏன் விட்டுட்டீங்க?” என்று நேராகக் கேட்டாள். மேலே எழுதியதைத்தான் அவளிடமும் சொன்னேன். “எங்கம்மாவும் பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குன்னு கேக்குறாங்க” என்றாள்.

கடலூரில் பிறந்து டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவனைப் பற்றி அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நின்ற மலேசியாவின் நூர் சுர்யானி முகம்மது தாய்பியைப் பற்றியும் சொன்னேன். முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள்தான். 2018 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 60. கலப்பு இரட்டையரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றே சுடுகிறார்கள்.

“அப்போ அம்மாவ இங்கயே கூட்டிட்டு வந்துடுறேன்” என்றாள்.

பிறகு தன் தடத்துக்குப் போனாள். முதல் குண்டு 9.1. முகம் சுளித்தாள். துப்பாக்கியை இறக்கி வைத்து, கால்களை மறுபடி ஊன்றி, நீண்ட நேரம் சுடாமலே நின்றாள். அந்தப் பொறுமை எனக்கு அவள் வயதில் இருந்ததில்லை. அடுத்தது 10.4.

இருவரை வைத்துக்கொண்டு அணிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது. ஆட்கள் சேராவிட்டால் பிரிவையே மூட வேண்டிவரும் என்றார் ஆசிரியர். ஜனவரியில் உயர்நிலை ஒன்று மாணவர்களுக்கான இணைப்பாட நடவடிக்கை அறிமுக நாளில் ஒரு மேசை போடுகிறார்கள். நானும் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பழைய சுடும் மேலங்கியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எட்டவில்லை. தையற்கடையில் கொடுத்திருக்கிறேன்.