உங்களுக்குத் தெரியுமா? புட்டியின் முதுகைப் பாருங்கள்!

ஸ்பெயினின் ரியோஹா ஒயின் வாங்குபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் புட்டியைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சீட்டின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பச்சை என்றால் பெரும்பாலும் இளம் ஒயின். சிவப்பு என்றால் ‘கிரியான்சா’. அந்தச் சிவப்பு ஒயின் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். கருஞ்சிவப்புச் சீட்டு ‘ரெசெர்வா’வுக்கு, 3 ஆண்டு. நீலம் ‘கிரான் ரெசெர்வா’வுக்கு, 5 ஆண்டு.

ஆனால் இவை காலக்கணக்கு மட்டுமே, ருசிக்கு உத்தரவாதம் அல்ல. களைத்துப்போன ரெசெர்வாவைவிட விலை குறைந்த இளம் ஒயின் பல நேரம் மேல்.

இங்கே முக்கியத் திராட்சை டெம்ப்ரானில்லோ. சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர், ‘டெம்ப்ரானோ’ என்றால் ஸ்பானிஷில் ‘முன்கூட்டியே’. அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்தால் வெனிலாவோடு தேங்காய் மணமும் ஏறும். ஆம், தேங்காயேதான்! அந்த மணம் மட்டுமே தெரிந்து பழத்தின் சுவை காணாமல் போனால் ருசித்து மதிப்பிடும்போது மதிப்பெண்ணைக் குறைக்கலாம். வெள்ளைத் தாளுக்கு எதிரே கோப்பையைச் சாய்த்தால் விளிம்பு ஊதாவாகத் தெரிவது இளமை, செங்கல் நிறம் முதுமை. ஈறை வறட்டும் துவர்ப்பையும் கவனியுங்கள். விலை நாக்கை ஏமாற்றும். ஆகவே புட்டியைக் காகிதத்தில் சுற்றிவிட்டு ருசிப்பதே நியாயம்.

சில புட்டிகளைச் சுற்றியுள்ள பொன்னிறக் கம்பிவலை, ஒரு காலத்தில் போலிச் சரக்கைத் தடுக்கப் போட்ட பூட்டு. இன்று வெறும் அலங்காரம்தான். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.