எதுல இருந்து பாஸ் 60 சதவீதம்?

தீபாவளி போனஸ் வந்த வாரம். அப்பா கொடுத்த ரெண்டாயிரத்தை பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு குன்னத்தூரில் பஸ் ஏறி திருப்பூரில் இறங்குகிறீர்கள். பளபள கண்ணாடிக் கடை வாசலில் பேனர்... ‘ஃபிளாட் 60% தள்ளுபடி!’ 1,999 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட டி-ஷர்ட் வெறும் 800 ரூபாய். விடுவீங்களா? ரெண்டு எடுத்துக்கொண்டு வீடு வந்தால், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மா அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு கேட்பார்: “ஏங்கண்ணு, இதை எப்போ ரெண்டாயிரத்துக்கு வித்தாங்களாம்?”

மேட்டரே அதுதான்!

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019-ல் நிறைவேறியது) தள்ளுபடி கொடுக்காதே என்று எந்தக் கடையையும் தடுக்கவில்லை. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கிறது என்பதில் பொய் சொன்னால் மட்டும் அது ‘நியாயமற்ற வணிக முறை’. ‘நேற்று வரை 1,999, இன்று 800’ என்று கதை விட்டால் மாட்டலாம். ஆனால் ‘எம்.ஆர்.பி.யில் 60 சதவீதம்’ என்றால்? அந்த எம்.ஆர்.பி. நிஜமாகவே சட்டையில் அச்சடித்திருக்கிறது. டி-ஷர்ட்டுக்கு இவ்வளவுக்கு மேல் எம்.ஆர்.பி. போடக்கூடாது என்று உச்சவரம்பு கிடையாது. ஆக, யாரும் ஒருநாளும் கொடுக்காத விலையிலிருந்தும் ‘தள்ளலாம்’. சட்டத்தில் இது பெரிய ஓட்டை என்பது என் கட்சி.

அதே டி-ஷர்ட் தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஜெர்மனி போனால் கதையே வேறு. ஐரோப்பிய யூனியனில் 2022 மே மாதம் முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்டியாக வேண்டும். சும்மா காட்டினால் போதாது, சதவீதத்தையும் அதிலிருந்துதான் கணக்குப் போட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஆல்டி கடை வழக்கில் சொல்லிவிட்டது. வழக்கு எதைப் பற்றி தெரியுமா? வாழைப்பழம், அன்னாசி! நம்மூர்க்காரர் தைத்த பனியனுக்கு பெர்லினில் கிடைக்கிற நேர்மை, அவினாசி ரோட்டில் கிடைக்கவில்லை.

அதற்காக நம்ம சட்டம் சும்மா இல்லை பாஸ். பில்லைப் பாருங்கள். 1,000 ரூபாய் சட்டைக்கு 40 சதவீதம் போக 600. அதன் மேல் வரி 30 என்று 630 கேட்டால் கொடுக்காதீர்கள். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் உள்ளே. சண்டிகர்க்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், இப்படித் தள்ளுபடி விலைக்கு மேல் வாட் வரி வாங்கியது தப்பு என்று உட்லேண்ட் கடைகளை நடத்தும் நிறுவனத்துக்கு எதிராக தேசிய ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. பேனரின் மூலையில் ஸ்டார் போட்டு எறும்பு எழுத்தில் ‘வரி தனி’ என்று எழுதியிருந்ததும் எடுபடவில்லை.

ஸ்டிக்கர் ரகசியம் உங்கள் வீட்டிலேயே பேக்கிங் செக்‌ஷன்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், பழைய விலையை மறைக்கக் கூடாது. ஏற்றுவதற்கு ஒட்டவே கூடாது. கவர் இல்லாமல் லூஸில் தொங்கும் பனியனிலும் எம்.ஆர்.பி., சைஸ், புகாருக்கான முகவரி இருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி.

அப்புறம் பாயின்ட் கார்டு. “போன் நம்பர் சொல்லுங்க தம்பி, பாயின்ட் ஏறும்” என்பார் கவுன்ட்டர் அக்கா. பாயின்ட் வேண்டாமென்றால் நம்பரும் தர வேண்டாம்! நம்பர் கொடுத்தால்தான் பில் என்று அடம்பிடிக்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. பாயின்ட்டுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பதும், விலையில் ஏற்றிவிட்டு ‘இலவசம்’ என்பதும் குற்றச்சாட்டுக்கு உரியவைதான். பெட்டியில் கூப்பன் போடச் சொன்ன கடை, குலுக்கல் முடிவை மறைத்தாலும் அப்படியே. யாருக்குக் கார் விழுந்தது என்று போய்க் கேளுங்களேன்!

ஏமாந்தால் முதலில் 1915-க்கு ஒரு போன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பில் மட்டும் வேண்டும். அந்த வழுவழு பேப்பரில் எழுத்து சில மாதத்தில் மறைந்துவிடும். கடையை விட்டு இறங்கும்போதே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அந்த 60 சதவீத பேனரையும் சேர்த்து.