தீர்மானமும் சமாதானமும்

எங்கள் ஆரணியில் பட்டுப் பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் நாடாவை நிறுத்திவிடுவார். இழையை முடிந்த பின்னரே மேலே நெய்வார். அயலில் உறவு அறுந்து போர் மூளுங்கால் சமாதானம் நாடுவோர் செய்யத்தக்கதும் அதுவே. இப்பணியில் ஒரு மாநிலச் சட்டமன்றத்திற்குப் பங்கு உண்டா என ஆராய்வோம்.

நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுத்துள்ளது. அயல்நாட்டு உறவு, உடன்படிக்கை, போர், சமாதானம் ஆகியன ஒன்றியப் பட்டியலைச் சார்ந்தவை. ஆதலின் மாநிலம் தூதரை அனுப்பவோ, ஒப்பந்தம் செய்யவோ இயலாது. ஆயினும், தன் மக்களின் கருத்தைத் தீர்மானமாக்கி மத்திய அரசுக்கு அனுப்பத் தடையில்லை. தீர்மானம் சட்டமன்று, அதற்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டுவதில்லை, அது மத்திய அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. அது ஒரு வேண்டுகோள்.

உலக அமைதியை வளர்க்கவும், நாடுகளின் பிணக்குகளை நடுவர் வாயிலாகத் தீர்க்க ஊக்கமளிக்கவும் அரசு முயல வேண்டும் என்கிறது 51ஆம் பிரிவு. அங்கு 'அரசு' என்னும் சொல் மாநிலச் சட்டமன்றங்களையும் உள்ளடக்கும்.

இனி, நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். இலங்கையில் 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அதனின்று விலகிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பேச்சுவார்த்தையால் அரசியல் தீர்வு காண இந்திய அரசு முயல வேண்டுமென, முதலமைச்சர் மு. கருணாநிதி கொண்டுவந்த தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாக ஏற்றது. நவம்பரில் போர்நிறுத்தம் கோரிற்று. 2009 ஜனவரி 23ஆம் நாள் அதனையே இறுதி வேண்டுகோளாக விடுத்தது.

போர் நின்றதா? இல்லை. 2009 மே மாதத்தில், ஒரு தரப்பு முற்றிலும் வீழ்ந்த பின்னரே அது முடிவுற்றது. இறுதி மாதங்களில் பொதுமக்கள் பல்லாயிரவர் மாண்டனர். "அவ்வாறாயின் தீர்மானத்தால் யாது பயன்?" என நீங்கள் வினவலாம். நேர்மையான வினாவே அது.

வேண்டுகோளின் வலிமை கேட்போரையும் பொறுத்தது. ஆயினும், 1983 முதல் ஏதிலியராய்க் கடல் கடந்து வந்தோர்க்கு இடமளித்தது தமிழகம். விளைவைச் சுமப்பவர் வாய்திறத்தல் உரிமை மட்டுமன்று, கடமையுமாம். அவர் மௌனம் சாதித்தால், அம்மௌனமே உடன்பாடாகக் கொள்ளப்படும். அதேவேளை, தீர்மானம் நிறைவேறியதும் கடமை முடிந்ததெனக் கருதுவதும் பிழை; தொடர்முயற்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஆதலின், இத்தகைய தீர்மானத்தைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: யாரை நோக்கியது? எவ்வழியைக் காட்டுகிறது? அதன்பின் என்ன செய்யப்பட்டது? இழை அறுந்தவுடன் முடிந்தால் ஒரு முடிச்சே போதும். காலந்தாழ்த்தினால் சேலையே பழுதாகும் என்பது தறியில் அமர்ந்தோர் அறிந்த பாடம்.