ஒருமுறை முடிவதும் ஒவ்வொரு முறையும் முடிவதும்

குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் பனித்தள நடனத்தை அறிந்திருப்பார்கள். இசைக்கேற்ப வழுக்கிச் செல்லும் ஒருவர் திடீரென மேலெழும்பிப் பம்பரம்போல் சுழல்கிறார். ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்கி, எதுவும் நடவாததுபோல் நடனத்தைத் தொடர்கிறார். மறுநாள் அதே வீரர் அதே தாவலில் தளத்தில் விழுந்து எழுகிறார். பல்லாண்டுகள் பழகிய ஒன்று அன்றைக்கு மட்டும் ஏன் கைகூடவில்லை?

எங்கள் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் இதே கேள்வியை நோயாளிகளின் குடும்பத்தார் வேறு சொற்களில் கேட்கிறார்கள். “அப்பா நேற்று வாக்கர் இல்லாமல் பத்தடி நடந்தார், டாக்டர். இன்று எழுந்து நிற்கவே தடுமாறுகிறார். மனம் வைத்தால் செய்வார். மனம் வைக்க மாட்டேன் என்கிறார்.” இக்கூற்றில் அன்பும் இருக்கிறது, நோயாளியின் மனத்தைப் புண்படுத்தும் ஒரு தவறான முடிவும் இருக்கிறது. ஒரு செயலை ஒருமுறை செய்ய முடிவது ஒரு திறன். அதை வேண்டும்போதெல்லாம் செய்ய முடிவது இன்னொரு திறன். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பனித்தளத்தில் நிகழும் ஒரு தாவலைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஆக்சல் தாவல்

நார்வே நாட்டைச் சேர்ந்த ஆக்சல் பால்சன் 1882-ஆம் ஆண்டு வியன்னா நகரில் இத்தாவலை முதன்முதலாகச் செய்து காட்டினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. போட்டிகளில் இடம்பெறும் பிற முக்கியத் தாவல்கள் அனைத்தும் பின்னோக்கிச் செல்லும்போது தொடங்குபவை. ஆக்சல் மட்டும் முன்னோக்கிச் செல்லும்போது தொடங்குகிறது. ஆனால் மற்றவற்றைப் போலவே பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். எனவே அரைச் சுற்று கூடுதலாகிறது. ஒற்றை ஆக்சல் என்றால் ஒன்றரைச் சுற்று. மூன்று ஆக்சல் என்றால் மூன்றரைச் சுற்று.

அமெரிக்க வீரர் டிக் பட்டன் 1948-இல் இரட்டை ஆக்சலைப் போட்டியில் முதன்முதலாகச் செய்தார். கனடா வீரர் வெர்ன் டெய்லர் 1978-இல் ஒட்டாவா உலகப் போட்டியில் மூன்று ஆக்சலைச் செய்தார். நான்கு ஆக்சல், அதாவது நாலரைச் சுற்று, போட்டியில் வெற்றிகரமாக நிறைவேற மேலும் 44 ஆண்டுகள் ஆயின. அமெரிக்க இளைஞர் இல்யா மாலினின் 2022 செப்டம்பரில் லேக் பிளாசிட் நகரில் அதைச் சாதித்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூசுரு ஹன்யூ அதற்கு முயன்று விழுந்தார். அவர் அதற்கு முன்பே இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர்.

இத்தாவலில் காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. இடச்சுழற்சியாகச் சுழலும் வீரர் இடக்காலின் வெளிவிளிம்பிலிருந்து எழும்பி, காற்றிலேயே உடல் எடையை வலப்பக்க அச்சுக்கு மாற்றி, கைகளை மார்போடு சேர்த்துக் கால்களைப் பின்னிக்கொள்கிறார். உடல் ஒடுங்க ஒடுங்கச் சுழற்சி வேகம் கூடுகிறது. இறங்கும் கணத்தில் கைகளை விரித்து, ஓய்ந்த காலைப் பின்னே நீட்டிச் சுழற்சியை அடக்குகிறார். உடல் எடையைப்போல் பல மடங்கு விசையை வலக்காலின் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் மடங்கி ஏற்றுக்கொள்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய இயற்பியல் உண்மை ஒன்றுண்டு. கால் பனியை விட்டு நீங்கிய பிறகு புதிதாகச் சுழற்சியைச் சேர்க்க வழியில்லை. எழும்பும்போது பெற்றதை வைத்துக்கொண்டே முழுச் சுற்றுகளையும் முடித்தாக வேண்டும். ஆகவே, இறங்கும்போது நேரும் வீழ்ச்சியின் காரணம் பெரும்பாலும் எழும்பும்போதே தோன்றிவிடுகிறது: தோள் சற்று முந்தியிருக்கும், அல்லது விளிம்பின் சாய்வு பிசகியிருக்கும். அனுபவமுள்ள பயிற்சியாளர் வீழ்ந்த இடத்தைவிட எழும்பிய இடத்தையே கூர்ந்து நோக்குவார்.

கூறு கூறாகக் கற்றல்

ஆக்சலை யாரும் ஆக்சலிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் பாதுகாப்பாக விழவும் எழவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு வால்ட்ஸ் தாவல் எனப்படும் அரைச்சுற்றுத் தாவல். அதுவும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவதே. தனியாகப் பின்சுழற்சி கற்கிறார்கள். அதில்தான் காற்றில் வேண்டிய உடலமைப்பு பழக்கமாகிறது. இவை இரண்டும் ஊறிய பின்னரே அவற்றை இணைக்கிறார்கள். பனித்தளத்திற்கு வெளியே, சாதாரணக் காலணியுடன் தரையிலும் தாவிப் பழகுகிறார்கள். கடினமான தாவல்களுக்கு உடலில் வார்ப்பட்டை அணிவித்துக் கயிற்றால் தாங்கிப் பிடிப்பதும் உண்டு. விழும் அச்சம் குறையும்போது உடல் புதிய அசைவைக் கற்க இடம் கிடைக்கிறது.

இம்முறைக்கும் எங்கள் பயிற்சிக் கூடத்திற்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது அன்று. பக்கவாதத்திற்குப் பின் நாற்காலியிலிருந்து எழ முயலும் ஒருவர் பாதி எழுந்து பின்னோக்கி அமர்ந்துவிட்டால், “காலில் வலு இல்லை” என்று உறவினர்கள் எண்ணுவார்கள். வலுக்குறைவும் காரணமாக இருக்கலாம். ஆயினும் இயன்முறை மருத்துவர் முதலில் பார்ப்பது எழுவதற்கு முந்தைய நிலையை: பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருந்தனவா? இடுப்பு நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்ததா? உடல் போதிய அளவு முன்னால் சாய்ந்ததா? இம்மூன்றும் சரியானால், நேற்று எழாதவர் இன்று எழுவதைப் பலமுறை காண்கிறோம். கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதற்கு முன் இவற்றைச் சரிசெய்யுங்கள்.

திரும்பத் திரும்பச் செய்வதன் பொருள்

தவறாமல் செய்வது என்றால் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி செய்வது என்றே நாம் எண்ணுகிறோம். ரஷ்ய உடலியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் 1920-களில் மாஸ்கோவில் தொழிலாளர்களின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். கைதேர்ந்த ஒருவர் சுத்தியலால் அடிக்கும்போது சுத்தியலின் முனை குறித்த இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடியிலும் சற்று வெவ்வேறு விதமாக அசைந்தன. ஒரு மூட்டில் நேர்ந்த சிறு பிசகை இன்னொரு மூட்டு ஈடுசெய்தது. கைதேர்ச்சி என்பது பிசகே நேராத நிலை என்பதைவிட, நேரும் பிசகை உடனுக்குடன் ஈடுசெய்யும் ஆற்றல் என்பதே பொருந்தும்.

பனித்தள வீரருக்கும் இதே நிலைதான். பனியின் இறுக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. கால் களைக்கிறது. வளரிளம் பருவத்தில் உயரமும் எடையும் கூடும்போது, முன்பு எளிதாக வந்த தாவல் தொலைந்துபோவதும் உண்டு. உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நிலையுணர்வு, கண் ஆகியவை தரும் செய்திகளைக் கொண்டு சிறுமூளை அசைவுகளைத் திருத்துகிறது. அத்திருத்தத்தை அது கற்பது பலவகைப் பிசகுகளைச் சந்திப்பதால்தான்.

ஷே, மார்கன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. மூன்று கையசைவுகளைச் சிலர் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பழகினர். வேறு சிலர் மூன்றையும் கலந்து பழகினர். பயிற்சியின்போது முதற்குழுவினரே விரைவாகச் செய்தனர். பின்னர் நடந்த சோதனையிலோ கலந்து பழகியவர்களே சிறந்து விளங்கினர். பயிற்சி நேரத்தில் தடுமாற்றமாகத் தோன்றியது பின்னாளில் நிலைத்த கல்வியாயிற்று.

வீட்டில் ஒரே நாற்காலியில் மட்டும் எழுந்து பழகியவர் உறவினர் வீட்டுத் தாழ்ந்த சோஃபாவில் சிக்கிக்கொள்வது இதனால்தான். இயன்முறை மருத்துவர் ஒப்புதல் அளித்த பிறகு, உயரம் வேறுபட்ட இருக்கைகளிலும், வழவழப்பான தரையிலும் சொரசொரப்பான தரையிலும், காலையிலும் மாலையிலும், அருகில் ஆளிருக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் கூடுவதுபோல் தோன்றும். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இரு வீராங்கனைகள்

ஜப்பானின் மிடோரி இத்தோ 1988-இல் மூன்று ஆக்சலைப் போட்டியில் இறங்கிய முதல் பெண். அடுத்த ஆண்டு உலகப் பட்டமும் வென்றார். 1992 ஆல்பெர்வில் ஒலிம்பிக்கின் இறுதி நடனத்தில் அவர் முதலில் முயன்ற மூன்று ஆக்சலில் விழுந்தார். நிகழ்ச்சியின் பிற்பகுதியில், கால்கள் களைத்திருந்த வேளையில், மீண்டும் முயன்று இறங்கினார். ஒலிம்பிக்கில் அத்தாவலைச் செய்த முதல் பெண்ணாகி வெள்ளிப் பதக்கம் பெற்றார். சில நிமிடங்களுக்குள் ஒரே உடல் தவறவும் செய்தது, வெல்லவும் செய்தது. அவருடைய திறன் அந்த இடைவேளையில் பிறந்ததும் இல்லை. அதற்கு முன்பு மறைந்ததும் இல்லை.

அவருக்குப் பின் வந்த மாவோ அசாதா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மூன்று மூன்று-ஆக்சல்களை இறங்கி வெள்ளி வென்றார். அத்தனை திறமைக்குப் பிறகும் நொபுவோ சாத்தோ என்னும் பயிற்சியாளரிடம் சேர்ந்து தம் தாவல்களை அடிப்படையிலிருந்து மாற்றிக் கட்டினார். உடனடி விளைவு சரிவுதான். அவ்வாண்டு என்எச்கே கோப்பைப் போட்டியில் எட்டாம் இடமே கிடைத்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கின் குறுநடனத்தில் மூன்று ஆக்சலில் விழுந்து 16-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மறுநாள் நீள்நடனத்தில் அதே தாவலை இறங்கி, 142.71 என்னும், அதுவரை தாம் பெற்றவற்றுள் உயர்ந்த மதிப்பெண்ணைப் பெற்று ஆறாம் இடத்திற்கு உயர்ந்தார். அடுத்த மாதமே சைத்தாமா நகரில் தம் மூன்றாவது உலகப் பட்டத்தை வென்றார்.

குறுநடனம் நடந்த இரவில் மட்டும் அவரை மதிப்பிட்டிருந்தால் நாம் என்ன முடிவுக்கு வந்திருப்போம்? நோயாளியை ஒரு நாளைக் கொண்டு மதிப்பிடுவதும் அத்தகையதே. வாரத்தைக் கொண்டு மதிப்பிடுங்கள். ஒரு சிறு நோட்டில் நாள்தோறும் மூன்று செய்திகளைக் குறித்து வாருங்கள்: பத்து முறை முயன்றதில் எத்தனை முறை துணையின்றி எழுந்தார், எந்த வேளையில், முந்தைய இரவு எப்படி உறங்கினார். இரண்டில் தொடங்கிய எண் சில வாரங்களில் ஆறாவதைக் காணும்போது, இடையில் வந்த ஒரு கெட்ட நாள் உங்களை அச்சுறுத்தாது. மருத்துவருக்கும் அந்த நோட்டு பெரிதும் உதவும்.

உறக்கத்தைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் பழகிய அசைவுகளை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது. பக்கவாதத்திற்குப் பின் வரும் களைப்பு, வெளித்தோற்றத்தில் சோம்பலைப் போலவே இருக்கும் உண்மையான உடல்நிலை. “நேற்று செய்தீர்களே” என்று கடிந்துகொள்வதால் களைப்பு நீங்குவதில்லை, முயற்சிதான் குறைகிறது.

ஒப்புமை எங்கே முடிகிறது

பனித்தள வீரர் விழுந்து விழுந்து கற்கலாம். இளம் எலும்பும், பழகிய உடலும், அருகிலேயே பயிற்சியாளரும் அவருக்கு உண்டு. நோயாளி விழக்கூடாது. முதியவருக்கு ஒரே வீழ்ச்சி இடுப்பு எலும்பு முறிவாக முடியலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் படும் அடி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே பிசகுவதற்கு இடம் கொடுங்கள். வீழ்வதற்கு இடம் கொடுக்காதீர்கள். வீரருக்கு வார்ப்பட்டை எப்படியோ, நோயாளிக்கு இணைக் கம்பிகளும், இடுப்புப் பட்டையும், பலவீனமான பக்கத்தில் நிற்கும் துணையாளரும் அப்படி. அவற்றைப் பயன்படுத்துவது பின்னடைவு ஆகாது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். எல்லாத் தடுமாற்றமும் இயல்பான ஏற்றத்தாழ்வு ஆகிவிடாது. திடீரென வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் புதிதாகச் செயலிழந்தாலோ, கடும் தலைவலி வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். காய்ச்சல், புதிய மனக்குழப்பம், எழும்போது தலைசுற்றல், வலி ஆகியவற்றோடு இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து நடை மோசமானால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சிறுநீர்த் தொற்றோ, மருந்தின் அளவோ காரணமாக இருக்கக்கூடும்.

இவை எதுவும் இல்லாமல், நேற்று நடந்தவர் இன்று தடுமாறினால், சற்று ஓய்வு கொடுங்கள். பாதங்களைப் பின்னிழுத்து வைக்கச் சொல்லுங்கள். முன்னால் சாயச் சொல்லுங்கள். அருகில் நின்றுகொண்டு, “இன்னொரு முறை பார்ப்போம்” என்று மட்டும் சொல்லுங்கள்.